மாமாவின் வலது கண்ணும் மூன்று சொட்டு மருந்துகளும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கண் செக்கச் செவேல் என்று சிவந்து, நீர் வடிய வந்து நின்றார். "காலையில இருந்து உறுத்துது. மெடிக்கல்ல ஒரு டிராப்ஸ் வாங்கி விட்டா சரியாப் போயிரும்" என்றார்.

வழக்கமாக எதற்கும் ஒரு கதை சொல்லும் என் மாமா அன்று எதுவும் பேசவில்லை. தன் வலது கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

அந்தக் கண்ணில் கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் 'பூ விழுந்த கண்' என்பார்கள். அந்தப் பூ விழுந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ரொம்ப நாளாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட விஷயம் இது. இன்று எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.ஃபார்ம் கடைசி ஆண்டு மாணவன், கண் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அப்படிப் போடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் சொட்டு: சுகம் தந்தது

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, தை மாத அறுவடை நேரம். மாமா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி, ஒரு சுணை கண்ணில் விழுந்துவிட்டது. கிராமத்தில் என்ன செய்வார்களோ எல்லாம் நடந்தது. அத்தை நாக்கு நுனியால் தூசியை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் யாரோ விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொன்னார்கள், அதையும் விட்டார்கள். மறுநாளும் உறுத்தல் நிற்கவில்லை. மாமா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "கண்ணு சிவந்திருக்கு" என்றார். சின்ன பாட்டில் ஒன்று கொடுத்தார்கள்.

மாமா உஷாரான ஆள். உடனே போட்டுவிடவில்லை. டப்பாவைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோன் செய்தார்.

"மாப்ள, மெடிக்கல்ல இத குடுத்துருக்காய்ங்க. போடலாமா?"

குடும்பத்தில் முதன்முதலாக மருந்து சம்பந்தமாகப் படிக்கிறவன் நான். என்னிடம் ஒருவர் கேட்கிறார் என்பதே பெருமையாக இருந்தது. படத்தில் பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்சசின். தெரிந்த பெயர்! "ஆன்டிபயாட்டிக்தான் மாமா, தாராளமா போடுங்க" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. டெக்சாமெத்தசோன். அது ஸ்டீராய்டு. அந்த வரியை நான் படிக்கவில்லை.

இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. வலியும் குறைந்தது. "மாப்ள, கைராசிக்காரன்டா நீ" என்று மாமா ஃபோனில் சிரித்தார். அவர் ஊரில் நாலு பேரிடம் சொன்னதாக அம்மா பின்னால் சொன்னாள். முதல் பாட்டில் தீர்ந்ததும் அதே மருந்தை இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறார். நிறுத்தினால் கொஞ்சம் உறுத்துகிறதாம், போட்டால் சுகமாக இருக்கிறதாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. பார்வை மங்க ஆரம்பித்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கு" என்று கத்திவிட்டார்.

என்ன நடந்தது?

கருவிழி என்பது அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு கண்ணாடி. கைக்கடிகாரத்தின் மேலிருக்கும் கண்ணாடி மாதிரி. அது தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. அதனால் அங்கே கிருமி நுழைந்தால், எதிர்க்கும் செல்கள் ஓரத்திலிருந்து மெதுவாகத்தான் வந்து சேர வேண்டும். மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. ஒரு கீறல் விழுந்துவிட்டால் கதவு திறந்த மாதிரிதான்.

நெல் சுணை, கரும்புச் சோகை, சோளத்தட்டை, மாட்டு வால், மண் என்று வயல்காட்டில் கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் பூஞ்சைக் காளானின் வித்துகள் இருக்கும். குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. நம் பக்கம் அப்படி இல்லை. மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கிருமி எது என்று கண்டுபிடிக்க முடிந்தவர்களில் 47.1 சதவீதம் பாக்டீரியா, 46.8 சதவீதம் பூஞ்சை. அதாவது பாதிக்குப் பாதி! மொத்தப் பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏற்கெனவே கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது.

சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சரி, பயன் இல்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. கூட இருந்த ஸ்டீராய்டுதான் வில்லன்.

கண் சிவப்பதும் வலிப்பதும் உடம்பு கிருமியோடு போராடுவதன் அறிகுறி. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயைக் கட்டிப் போட்டு வாயையும் மூடிவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா? மாமாவின் கண்ணில் அந்தப் பத்து நாளும் இருந்தது அந்த அமைதிதான். பூஞ்சை நிதானமாக உள்ளே வேர்விட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அதைத்தான் கொடுக்கிறார்கள். கண்ணுக்குள்ளே வரும் சிலவகை அழற்சிகளுக்கு அது இல்லாமல் பார்வையைக் காப்பாற்றவே முடியாது. பாக்டீரியா புண்ணுக்குக்கூட, ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த பிறகு ஸ்டீராய்டு சேர்த்தால் தழும்பு குறையுமா என்று அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 500 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2012ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் மொத்தத்தில் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமி எது என்று தெரிந்து, டாக்டர் கண் முன்னால் வைத்துப் பார்த்துக் கொடுத்தபோதே இந்தக் கதை. என்ன கிருமி என்றே தெரியாமல் கொடுத்தால்?

ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் வந்தால் மரக்கிளை மாதிரி கிளை கிளையாகப் புண் வரும். அதற்கு அசைக்ளோவிர் களிம்பு என்று தனி மருந்து இருக்கிறது. அந்தப் புண்ணிலும் வெறும் ஸ்டீராய்டு போட்டால் கிளை படர்ந்து பெரிய புண்ணாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'கண்ணு சிவந்திருக்கு'தான்.

இரண்டாவது சொட்டு: சுகம் தராதது

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு மரத்துப்போகும் மருந்து விட்டு, புண்ணிலிருந்து துளியூண்டு சுரண்டி எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது. நூல் நூலாகப் பூஞ்சை.

"இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க?"

மாமா சட்டைப் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா பெயரைப் பார்க்கவில்லை. நேராகப் பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

"இத யார் போடச் சொன்னா?"

நான் மாமாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமா திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கடையில குடுத்தாங்கம்மா" என்றார்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பழைய மருந்தை அன்றே நிறுத்திவிட்டு நாட்டமைசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். இதன் கதை சுவாரசியமானது. தென்னாப்பிரிக்காவில் நட்டால் மாகாணத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950களில் பிரித்தெடுத்தார்கள். நட்டால் என்பதால் நாட்டமைசின். பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் இதையே தடவுகிறார்கள்.

ஐம்பது வருடத்துக்கும் மேலான பழைய மருந்து. புதிதாக வந்த வோரிகோனசோல் இதைவிட நன்றாக வேலை செய்யும் என்று பலரும் நினைத்தார்கள். அதையும் நம் ஊரில்தான் சோதித்துப் பார்த்தார்கள். தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண் வந்த 323 பேரில் ஒரு பாதிக்கு இது, இன்னொரு பாதிக்கு அது. 2013ல் முடிவு வெளியானது. பழைய நாட்டமைசின்தான் ஜெயித்தது! முக்கியமாக ஃபுசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. 2017ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. வயல்காட்டு ஏழைகளுக்கு வருகிற நோய்க்கான மருந்து உலகப் பட்டியலில் ஏறியதற்கு நம் பக்கத்து நோயாளிகளும் ஒரு காரணம் என்று நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் போட்டுக்கொள்கிறவருக்கு அது சுகமான மருந்து இல்லை. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். குலுக்காமல் விட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கண்ணில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கருவிழிக்குள் ஆழமாகப் போகாது, அதனால் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. கூடவே வலி குறையப் பாப்பாவை விரிக்கும் அட்ரோப்பின். அத்தை சுவரில் மாட்டிய கடிகாரத்துக்குக் கீழே ஒரு நோட்டு வைத்து, விடும்போதெல்லாம் கோடு போட்டு வைத்தார்.

நாலு நாள் ஆகியும் மாமாவுக்கு ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. "அந்தப் பழைய மருந்துல ரெண்டே நாள்ல சரியாச்சு, இதுல ஒண்ணையும் காணோமே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கெடுத்தது சுகமாக இருந்தது, காப்பாற்றுவது சித்திரவதையாக இருந்தது.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. கண் தப்பித்தது. பார்வை முழுசாகத் தப்பவில்லை. தழும்பு நடுவில் விழுந்துவிட்டதால் அந்தக் கண்ணுக்கு எல்லாமே பனிமூட்டத்தில் தெரிகிற மாதிரிதான். இரவில் வண்டி ஓட்டுவதை மாமா விட்டுவிட்டார். கருவிழி மாற்று ஆபரேஷன் பற்றி டாக்டர் சொல்லியிருக்கிறார். "இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்கு, பாப்போம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

மூன்றாவது சொட்டு: ஒன்றுமே தெரியாதது

எங்கள் அப்பத்தாவுக்குக் கண் நீர் அழுத்தம். கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். பெரும்பாலும் வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். அப்பத்தா வாசற்படி நிலையில் தோளை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். சொந்தக்காரர் ஒருவருக்குக் கண்புரை பார்க்கப் போன முகாமில் தற்செயலாக இவருக்கும் அழுத்தம் பார்த்துச் சொன்னார்கள்.

முதலில் டிமோலால் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் அப்பத்தாவுக்கு மூச்சு இரைத்தது. அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு, அதை ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லவே இல்லை. கண் மருந்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டோம். சம்பந்தம் இருக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்குப் போகும் சின்னக் குழாய் வழியாக இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கொஞ்சத்தைச் சிதைத்துவிட்டுத்தான் உடம்புக்கு அனுப்பும். இதில் அந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது. டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆகவே ஆஸ்துமா, இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர்கள் கண் டாக்டரிடமும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மாற்றி லட்டனோப்ரோஸ்ட் கொடுத்தார்கள். ராத்திரி ஒரே ஒரு சொட்டு. திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், திறந்தபின் ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பக்க விளைவாக இமை முடி நீளமாக வளரும். அப்பத்தாவின் இமையைப் பார்த்து என் தங்கைக்குப் பொறாமை :)

பிரச்சினை என்னவென்றால், இந்த மருந்து போட்டால் எந்த சுகமும் தெரியாது. போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை போகாமல் இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அப்பத்தா நடுவில் மூன்று மாதம் போடவே இல்லை. கேட்டதற்கு, "போட்டாலும் ஒண்ணுதான் போடாட்டியும் ஒண்ணுதான்" என்றார். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது, ஓரப் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அவர் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு ரொம்பவே ஏறும். வெயில் காலத்தில் கண் அரிப்பு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை, அரிப்பு நிற்கிறதே என்று வீட்டில் வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரிப்பு நிற்கும். நரம்பு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அரிப்புக்கு ஓலோபட்டடின் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டால் சொல்வார்.

மாமா கதையையும் அப்பத்தா கதையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் கண் மருந்தை எடைபோடக் கூடாது. மூன்று சொட்டில் மாமாவும் அப்பத்தாவும் நம்பியது தப்பான ஒன்றை, சந்தேகப்பட்டது சரியான இரண்டை.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்ன ஆனது?

"நீ மருந்துக்குத்தான படிக்கிற, பாத்து ஒரு பேரு சொல்லுப்பா" என்றார். நான் பெயர் சொல்லவில்லை. "வாங்கண்ணே, கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி போயிட்டு வந்துரலாம்" என்று கூட்டிப்போனேன். பார்த்துவிட்டு மெட்ராஸ் ஐ என்றார்கள். கண்ணீர் மாதிரி இருக்கும் ஒரு சொட்டு மருந்தும், ஈரத் துணி ஒத்தடமும், வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரையும்தான் வைத்தியம். அண்ணனுக்கு ஏமாற்றம். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார்.

மெட்ராஸ் ஐ என்ற பெயர் 1918ல் சென்னையில் இந்த நோய் பரவியதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே, 1819லேயே, சென்னையில் அரசு கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது. இன்று எழும்பூரில் இருப்பது அதுதான். லண்டனுக்கு அடுத்தபடி உலகிலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். மஞ்சளாகச் சீழ் வந்து இமை ஒட்டிக்கொள்வது பாக்டீரியாவால் இருக்கலாம், அதற்குத்தான் ஆன்டிபயாட்டிக். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இன்னொன்று, பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது சும்மா கதை. கை, துண்டு, தலையணை வழியாகத்தான் பரவும். கறுப்புக் கண்ணாடி போடுவது கண் கூசாமல் இருக்கத்தானே தவிர, மற்றவர்களைக் காப்பாற்ற இல்லை. கையைக் கழுவினால் அது காப்பாற்றும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

1. கண்ணில் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தூசி அல்லது செடி பட்ட காயம், கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு கண் சிவந்தால் அன்றே கண் ஆஸ்பத்திரி. நாளை என்று வேண்டாம்.

2. அன்றே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் கண்ணில் கீறல் விழுந்த 442 பேருக்கு வெறும் குளோராம்ஃபெனிக்கால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 2001ல் வெளியான ஆய்வு. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் போட ஆரம்பித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 24 மணி நேரம் கழித்து வந்தவர்களில் கால் பங்குக்கு மேல் புண் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

3. டப்பாவில் பெரிய எழுத்தைப் படித்தால் போதாது. உள்ளே என்னென்ன மருந்து என்று சின்ன எழுத்தில் இருக்கும். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், லோட்டிபிரட்னால், ஃப்ளூரோமெத்தலோன் எல்லாம் ஸ்டீராய்டு. பல கம்பெனிகள் ஆன்டிபயாட்டிக் பெயரின் வாலில் 'டி' என்று ஓர் எழுத்தை மட்டும் சேர்த்திருப்பார்கள்.

4. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டையே கண்ணால் முழுசாகத் தாங்க முடியாது, மீதி கன்னத்தில்தான் வழியும். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து அந்தப் பையில் விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்குக்கு இறங்காது.

5. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. களிம்பு கடைசியில்.

6. பாட்டில் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. திறந்த மருந்தைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் மருந்தை இன்னொருவர் போடவே கூடாது.

7. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் கண்ணில் வேண்டாம். தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். நாக்கால் எடுக்காதீர்கள்.

இன்னும் சில மாதத்தில் நானும் ஏதாவது ஒரு மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்பேன். யாராவது வந்து "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்பார்கள். கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள், முதலாளிக்குக் கோபம் வரும். எல்லாம் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு வரியைப் படிக்காமல் கொடுக்க மாட்டேன், சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அண்ணனை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மாமா இன்னும் திண்ணையிலேயே இருந்தார். "மெட்ராஸ் ஐதான் மாமா, ஒண்ணும் பயமில்ல" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வருடமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கி நான் அந்த டப்பாவ முழுசாப் படிக்கல மாமா."

மாமா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா மாப்ள. இன்னைக்கி படிச்சேல்ல, அது போதும். உள்ள போயி சாப்பிடு."